பிள்ளையை மாடலிங்குக்கு அனுப்பலாமா? பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கோவையில் இருக்கிறோம். என் மகள் நான்கு வயதில் தொடங்கி ஒன்பது வயது வரை கேமரா முன் நின்றாள். பெரும்பாலும் திருப்பூர் துணிக் கம்பெனிகளின் கேட்லாக் ஷூட்டுகள், அதாவது அவர்கள் விற்கும் உடுப்பைப் போட்டுக் காட்டி எடுக்கும் படங்கள். நடுவே ஜவுளிக்கடைகளின் தீபாவளி விளம்பரங்கள் சில, சென்னையில் எடுத்த டிவி விளம்பரம் இரண்டு. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பள்ளி வாசலிலும் கல்யாண வீடுகளிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

"அக்கா, எங்க பாப்பா நல்லா களையா இருப்பா. அது போதுமா?"

கேட்லாக் வேலையில் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, அளவை. கம்பெனிக்காரர்கள் சாம்பிள் உடுப்பைப் பெரும்பாலும் ஒரே சைஸில்தான் தைத்து வைத்திருப்பார்கள். 4–5 வயது சைஸ் என்றால், அந்த உயரமும் மார்பளவும் உள்ள பிள்ளைதான் அன்றைக்குத் தேவை. என் மகள் ஒரு கோடையில் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். வழக்கமாகக் கூப்பிடும் கம்பெனி அந்த சீசன் கூப்பிடவில்லை. முகம் அதேதான், சட்டைதான் ஏறவில்லை. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உயரம், மார்பு, இடுப்பு, ஷூ சைஸ் அளந்து போனிலேயே குறித்து வையுங்கள். கேட்டவுடன் சரியான அளவு சொல்லும் அம்மாவை, ஷூட்டுக்குப் பிள்ளைகளை ஏற்பாடு செய்யும் கோஆர்டினேட்டர்கள் மறப்பதில்லை.

அடுத்தது குணம். தெரியாத ஆள் பேசினால் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளையை இழுத்து முன்னால் நிறுத்தாதீர்கள். ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம். அதே பிள்ளை அப்போது வாய் மூடாமல் பேசும்.

"எந்த வயசில ஆரம்பிக்கலாம்?"

கைக்குழந்தைக்கு டயப்பர், சோப்பு, பேபி துணி விளம்பரங்கள் வரும். தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல்கள், தடுப்பூசி, தாய்ப்பால் போன்ற விழிப்புணர்வுப் படங்கள் தவிர மற்றவற்றில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. என்னைக் கேட்டால் ஆறு மாதம் வரைக்கும் வேண்டவே வேண்டாம். தாய்க்கே உடம்பு தேறாத நேரம் அது. அதற்குப் பிறகும், தடுப்பூசி போட்ட வாரத்தில் எந்த ஷூட்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பால் பவுடர், ஃபீடிங் பாட்டில், இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவு ஆகியவற்றுக்கு இந்தியாவில் விளம்பரமே செய்யக் கூடாது. 1992-ல் வந்த சட்டம், 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். ஆகவே "பெரிய பால் பவுடர் கம்பெனி விளம்பரத்துக்கு உங்க குழந்தை செலக்ட் ஆயிருக்கு" என்று யாராவது சொன்னால், அவருக்குச் சட்டம் தெரியவில்லை அல்லது உங்களை ஏமாற்றப் பார்க்கிறார். என் தோழி ஒருத்திக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தபோது, இந்த ஒரு விஷயத்தை வைத்தே அது பொய் என்று கண்டுபிடித்தோம்.

அதிகம் வேலை கிடைப்பது நான்கிலிருந்து பத்து வயது வரை.

"போர்ட்ஃபோலியோ எடுக்கச் சொல்றாங்க. 30,000 ரூபாய் ஆகுமாம்."

எடுக்காதீர்கள். நான் எடுத்து ஏமாந்தவள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மகளுக்கு நான்கு வயது ஆனபோது ஒரு மாலில் இருவர் வந்து, "பாப்பா ரொம்ப போட்டோஜெனிக், நாளைக்கே ஆபீஸுக்கு வாங்க" என்றார்கள். போனோம். சுவரெல்லாம் பிரபலமான பிராண்டுகளின் போஸ்டர். பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ, "கிரூமிங்" என்று மொத்தம் 28,000 ரூபாய் கட்டினோம். கவுன் மாற்றி மாற்றி, உதட்டுச் சாயம் போட்டு, நாற்பது படம் எடுத்து ஆல்பமாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு அழைப்புகூட வரவில்லை. நாங்கள் நான்கைந்து தடவை பேசிய பிறகு போனையும் எடுக்கவில்லை. அந்தப் பணம் என் கணவரின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

பிறகு ஒரு உண்மையான போட்டோகிராஃபரிடம் அந்த ஆல்பத்தைக் காட்டினேன். "இதுல குழந்தை எங்கங்க இருக்கு, மேக்கப்தான் தெரியுது" என்றார். காஸ்டிங் செய்கிறவர்களுக்கு, அதாவது பிள்ளைகளைத் தேர்வு செய்கிறவர்களுக்கு வேண்டியது பிள்ளை நிஜத்தில் எப்படி இருக்கிறது என்பதுதான். அதற்குப் போன் போதும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஜன்னல் பக்கம் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவர். டிசைன் இல்லாத டீ-ஷர்ட், பேன்ட். முடியை எப்போதும் போல வாரிவிடுங்கள், பவுடர் வேண்டாம். நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டில், தலை முதல் கால் வரை ஒன்று, சிரித்தபடி ஒன்று, சிரிக்காமல் ஒன்று. போனைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும். கூடவே அரை நிமிட வீடியோ: பெயர், வயது, பிடித்த விளையாட்டு. பள்ளியின் பெயரும் வீட்டு முகவரியும் அதில் வரக் கூடாது. மூன்று மாதத்தில் பல் விழும், முடி வெட்டுவோம், உயரம் கூடும். எப்படியும் புதிதாக எடுத்தாக வேண்டும், 30,000 ரூபாய் ஆல்பமானாலும் சரி.

"அப்போ வாய்ப்பு எப்படித்தான் வரும்?"

துணிக் கம்பெனியோ கடையோ ஒரு விளம்பர ஏஜென்சியிடமோ நேராகப் போட்டோகிராஃபரிடமோ வேலையைக் கொடுக்கும். அவர்கள் காஸ்டிங் ஆளிடமோ கோஆர்டினேட்டரிடமோ, "ஐந்து வயதுப் பையன், 110 சென்டிமீட்டர், புதன்கிழமை வேண்டும்" என்பார்கள். கோஆர்டினேட்டர் தன்னிடம் உள்ள பெற்றோர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இவ்வளவுதான் அந்தச் சங்கிலி. அதில் உங்கள் பிள்ளையின் படம் ஒரு நல்ல கோஆர்டினேட்டரின் போனில் இருக்க வேண்டும்.

எங்களுக்கு முதல் வேலை வந்தது ஒரு சின்ன பேபிவேர் யூனிட்டிலிருந்து. என் கணவரின் நண்பர் அங்கே மெர்ச்சன்டைசர். திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் இருப்பவர்கள் இப்படித் தெரிந்தவர் மூலம் தொடங்குவது நல்லது. ஆளும் இடமும் தெரிந்திருக்கும், பயம் குறையும். சென்னையில் இருப்பவர்கள் வடபழனி, சாலிகிராமம் பக்கத்து கோஆர்டினேட்டர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் போகிறார்கள். ஏற்கெனவே வேலை செய்த பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேரிடமாவது விசாரித்துவிட்டு நம்பர் கொடுங்கள்.

கோஆர்டினேட்டர் கமிஷனை பேமெண்டிலிருந்து பிடித்துக்கொள்வார். அது நியாயம். எவ்வளவு என்று வேலைக்கு முன்பே கேட்டு மெசேஜில் வாங்கிவிடுங்கள். உங்கள் கையிலிருந்து முன்பணம் கேட்பவர் கோஆர்டினேட்டர் அல்ல.

"ஏமாத்துறவங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?"

பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வேலை என்றால் பணம் பிள்ளைக்கு வரும். பதிவுக்கு, காஸ்ட்யூமுக்கு, "திருப்பித் தரக்கூடிய டெபாசிட்"டுக்கு என்று உங்களிடமிருந்து போனால், விற்கப்படும் பொருள் நீங்கள்தான். இப்போது டெலிகிராம் குரூப்பில் சேர்த்து, "செலக்‌ஷன் டாஸ்க்" என்று சின்னச் சின்னத் தொகையாகக் கட்டவைத்து லட்சக்கணக்கில் பிடுங்குவதும் நடக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். நாங்கள் அப்படித்தான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தோம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. "உடம்பு அளவு பார்க்கணும், உள்ளாடையில் ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்பவர்கள் உண்டு. எந்த உண்மையான வேலைக்கும் அது தேவையில்லை. அளவு எண்ணில் போதும். அப்படிக் கேட்டால் அந்த மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இதற்கும் இருக்கிறது. குழந்தைகள் உள்ளாடை கேட்லாக் வந்தபோது நாங்கள் ஒவ்வொரு முறையும் மறுத்தோம். துணியைப் பொம்மைக்கு மாட்டி எடுத்தால் போதும் என்பது என் முடிவு.

"பதினாலு வயசுக்குள்ள வேலை செய்யறது குழந்தைத் தொழிலாளர் ஆகாதா?"

நல்ல கேள்வி, ஆனால் மிகச் சிலரே கேட்கிறார்கள். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. அதில் கொடுத்திருக்கும் சில விலக்குகளில் ஒன்று சினிமா, டிவி, விளம்பரக் கலைஞராக இருப்பது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்வதை என் டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஷூட் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் பட்டியலையும் பெற்றோர் சம்மதத்தையும் அதோடு கொடுக்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் என்று ஆள் நியமிக்க வேண்டும். பள்ளிப் படிப்பு விட்டுப்போகக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாக நேரே போட வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வரி கடைசியில் வருவது: பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக எதிலும் ஈடுபடுத்தக் கூடாது.

டிவி விளம்பரம் எடுக்கும் பெரிய கம்பெனிகள் இந்தக் காகிதங்களைத் தாமே கொண்டுவந்து கையெழுத்து வாங்கின. சின்ன கேட்லாக் ஷூட்டுகளில் கேட்டால், "ஒரு நாள் வேலைதானே மேடம்" என்றார்கள். அங்கெல்லாம் ஐந்து மணி நேரக் கணக்கை நானே வைத்துக்கொண்டேன். நேரம் முடிந்ததும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வேன். இரண்டு முறை முகம் சுளித்தார்கள். மூன்றாம் முறை எங்கள் பிள்ளையின் உடுப்புகளை முதலில் எடுத்து முடித்துவிட்டார்கள்.

"ஷூட் நாள் எப்படி இருக்கும்?"

காத்திருப்புதான் முக்கால்வாசி. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் (அதைத்தான் 'கால் டைம்' என்பார்கள்) முதல் கிளிக் ஒன்பதரைக்கு விழும். துணிகளுக்கு ஸ்டீம் அயர்ன் போடுவார்கள், லைட் சரிசெய்வார்கள். சட்டை லூஸாக இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். அந்த கிளிப் குத்தினால் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். என் மகள் ஒருமுறை சொல்லாமல் நின்று, இரவு குளிக்கும்போது முதுகில் இரண்டு சிவப்புத் தடத்தைப் பார்த்து நான் அழுதேன்.

சீசனுக்குப் பல மாதம் முன்பே எடுப்பதால், குளிர்கால ஸ்வெட்டரும் குல்லாவும் மே மாத வெயிலில்தான் மாட்ட வேண்டியிருக்கும். ஏசி இல்லாத இடத்தில் அது பெரிய கொடுமை. இடம் எது, ஏசி உண்டா என்று கேட்காமல் நான் ஒத்துக்கொண்டதே இல்லை. ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து செட் உடுப்பு மாற்ற வேண்டி வரும். உடை மாற்றும் இடத்துக்குக் கதவோ திரையோ வேண்டும், உள்ளே அம்மா மட்டும். "அசிஸ்டென்ட் மாத்திவிடுவாங்க, நீங்க உட்காருங்க" என்றாலும் எழுந்து போங்கள். பிள்ளை உங்கள் கண்ணுக்கு எட்டாத அறையில் ஷூட் நடக்கக் கூடாது.

பையில்: தயிர்சாதம், வாழைப்பழம், வெந்நீர், சொந்தச் சீப்பு, துண்டு, முகம் துடைக்கத் தேங்காய் எண்ணெய், ஒரு பழைய பொம்மை. சீப்பும் மேக்கப் பிரஷும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றாகவே சுற்றும், பேன் வரும், தோல் அரிப்பு வரும். நாங்கள் எங்கள் சீப்பைத்தான் கொடுப்போம்.

கைக்குழந்தை ஷூட்டுக்கு இரண்டு மூன்று குழந்தைகளைக் கூப்பிட்டு வைப்பார்கள். எது அழாமல் இருக்கிறதோ அதை எடுப்பார்கள். உங்கள் குழந்தையை எடுக்காவிட்டாலும் வந்ததற்குப் பணம் உண்டா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

"எங்க பொண்ணு கொஞ்சம் கறுப்புக்கா. எடுப்பாங்களா?"

இந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில், பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே கேட்கிறார்கள். அந்தக் குரலைப் பிள்ளை கேட்கிறது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

பொய் சொல்ல மாட்டேன். வெளுப்பான பிள்ளைதான் வேண்டும் என்று வாய்விட்டே கேட்கும் கடைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. நம் தெருவில் நடக்கும் பிள்ளைகளைப் போல இருக்கட்டும் என்று கேட்கும் பிராண்டுகளும் இப்போது வந்திருக்கின்றன. விளம்பரத் துறை தனக்குத்தானே வைத்திருக்கும் தர நிர்ணய கவுன்சில், நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று 2014-லேயே சிவப்பழகு கிரீம் விளம்பரங்களுக்கு விதி வகுத்தது. நம் வீட்டில்தான் இன்னும் வகுக்கவில்லை. என் மகள் மாநிறம். ஒரு ஷூட்டில் மேக்கப் போட்டவர் முகத்தை மட்டும் இரண்டு ஷேட் வெளுப்பாக்கினார், கழுத்தும் கையும் வேறு நிறம். கண்ணாடியைப் பார்த்து, "அம்மா, இது யாரு?" என்றாள். துடைக்கச் சொன்னேன். துடைத்தார்கள். அந்தப் படம் நன்றாகத்தான் வந்தது. பிள்ளையின் நிறத்தை மாற்றச் சொல்லும் வேலை எவ்வளவு பணம் தந்தாலும் வேண்டாம்.

"பேமெண்ட் எவ்வளவு கேட்கலாம்?"

நிலையான ரேட் கிடையாது. ஊர், பிராண்ட், எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். ரூபாய்க்கு முன்னால் கேட்க வேண்டியது: படத்தை எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள், எத்தனை மாதத்துக்கு? ஆன்லைன் கடையில் மட்டும் என்று பேசி எடுத்த படம் பேருந்து நிலைய ஹோர்டிங்கில் நின்றால் அது வேறு வேலை, வேறு பணம். காலம் முடிந்து தொடர்ந்தால் மறுபடி தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இன்னொரு பிராண்டுக்கு நடிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அளவு பார்க்க அழைக்கும் நாளுக்கும் பயணத்துக்கும் யார் தருவது என்றும் கேளுங்கள். இப்போது புதிதாக ஒன்றையும் சேருங்கள்: பிள்ளையின் முகத்தையோ குரலையோ செயற்கை நுண்ணறிவு கொண்டு வேறு படமாக மாற்றக் கூடாது. பணம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

பிள்ளைக்கு பான் கார்டும் வங்கிக் கணக்கும் எடுத்துவிடுங்கள், மைனர் பெயரில் இரண்டும் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து பெற்றோருடையது. வரி விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்த பணம் பிள்ளையின் வருமானமே, பெற்றோர் கணக்கில் சேராது. ஆனால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வரும் வட்டி பெற்றோர் வருமானத்தோடு சேரும். ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

"குழந்தைகள் ஃபேஷன் ஷோ, ராம்ப் வாக், கிரீடம் எல்லாம்?"

நுழைவுக் கட்டணம் கட்டி, உடையும் நீங்களே வாங்கிப் போவது வேலை அல்ல, விழா. ஆசைக்கு ஒருமுறை போகலாம். அந்தக் கிரீடத்தைப் பார்த்து எந்தக் கோஆர்டினேட்டரும் வாய்ப்பு கொடுத்து நான் கண்டதில்லை.

"இன்ஸ்டாகிராம் பக்கம் வேணுமா?"

கட்டாயமில்லை. வைத்தால், 13 வயதுக்குள் என்பதால் பெற்றோர் நடத்தும் பக்கம் என்று அதிலேயே எழுத வேண்டும். யூனிஃபார்மில் படம் வேண்டாம், டியூஷன் போகும் நேரமும் இடமும் வேண்டாம், குளியல் படம் வேண்டவே வேண்டாம். கமெண்ட் போடுகிறவர்கள் யார் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த நாள் எங்கள் பக்கத்தைப் பூட்டிவிட்டேன்.

"மாமியார் கண் படும்னு சொல்றாங்க."

எங்கள் அத்தையும் சொன்னார். ஒவ்வொரு ஷூட் முடிந்து வரும்போதும் வாசலிலேயே நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். அதை நான் தடுத்ததில்லை. மகளும் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வேலை முடிந்த மாதிரி. பெரியவர்களை ஒருமுறை ஷூட்டுக்குக் கூட்டிப் போங்கள், பாதிப் பயம் போய்விடும். எங்கள் அத்தை அங்கேயே மற்ற பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டிவிட்டு வந்தார்.

"செலக்ட் ஆகலைன்னா பிள்ளைகிட்ட என்ன சொல்றது?"

போகும்போதே "ஆடிஷன்" என்று சொல்லாதீர்கள். "போட்டோ எடுத்துட்டு வரலாம்" என்று சொல்லிக் கூட்டிப் போய், திரும்பும்போது பூங்காவில் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். முடிவு வந்தால் வேலை, வராவிட்டால் பிள்ளைக்குத் தெரியவே வேண்டாம். ஏழு வயதுக்கு மேல் அவர்களே கேட்பார்கள். அப்போது உண்மையைச் சொன்னேன்: "அந்தச் சட்டை உன் சைஸ் இல்ல கண்ணு."

"பள்ளிக்கூடம்?"

எங்கள் கணக்கு: மாதம் ஒரு வேலை நாளுக்கு மேல் லீவு கிடையாது, பரீட்சை மாதத்தில் எதுவும் கிடையாது. சனி, ஞாயிறு என்றாலும் அடுத்தடுத்த இரண்டு வாரம் கொடுக்க மாட்டோம். பிள்ளைக்கு எதுவும் செய்யாமல் கிடக்க ஒரு ஞாயிறு வேண்டும்.

"உங்க பொண்ணு ஏன் நிறுத்திட்டா?"

ஒன்பது வயது. ஒரு பள்ளிப் பை கேட்லாக் ஷூட். அன்றைக்கு அவள் வகுப்புத் தோழியின் பிறந்தநாள். காலையில் எழுப்பியபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னிக்கு சிரிக்க முடியாதும்மா" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒத்துக்கொண்டுவிட்டோம், கார் வருகிறது, மூன்று மணி நேரம்தான் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எழுந்து பல் தேய்த்தாள். வந்தாள், சிரித்தாள். படம் வந்தபோது பார்த்தேன். மற்றவர்களுக்கு அது நல்ல சிரிப்பு. எனக்கு மட்டும் தெரிந்தது அது பொய் என்று.

அன்று இரவு கேட்டேன், "இனி போகணுமா, வேண்டாமா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "துணி மாத்தறது பிடிக்கல. அந்த போட்டோ அங்கிளைப் பிடிக்கும். ஆனா வேண்டாம்" என்றாள். மறுநாள் கோஆர்டினேட்டருக்குச் சொன்னேன். அடுத்த மாதம் ஒப்புக்கொண்டிருந்த ஒரு ஷூட் பாக்கி இருந்தது. அதற்கு மட்டும் போகலாமா என்று இன்னொரு முறை கேட்டேன். தலையாட்டினாள், வேண்டாம் என்று. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம்.